என் வீட்டுக்காரர் பின்பக்கம் படித்த கதை

என் வீட்டுக்காரரின் முகத்தை இந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரலைத் தெரியாதவர்கள் ஒருத்தர்கூடக் கிடையாது. நகராட்சியின் பழைய வெள்ளை வேன், கூரைமேல் இரண்டு ஒலிபெருக்கி, உள்ளே மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓர் ஒல்லி மனிதர். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கி "அறிவிப்பு முடிந்தது" என்று முடிப்பாரே, அவர்தான். குழாயில் தண்ணீர் வராத நாளா, வரி கட்டக் கடைசி நாளா, பூங்காவில் புது ஊஞ்சல் போட்டார்களா, பதினெட்டு வருஷமாக எதுவானாலும் அவர் வாயால் கேட்டால்தான் ஊருக்கு நம்பிக்கை. எல்லோரும் அவரை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் குரலை நம்பித்தான் நான் ஏமாந்தேன். இப்படிக் கணீரென்று பேசுகிற ஆள் வீட்டிலும் வாய் ஓயாமல் பேசுவார், பொழுது போவதே தெரியாது என்று நினைத்துக் கழுத்தை நீட்டினேன். வந்து பார்த்தால், வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும் மட்டும்தான். சாப்பாட்டில் உப்பு குறைந்தால் உப்பு டப்பாவைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். மிச்சத்தை நான் புரிந்துகொள்ள வேண்டும். இந்த அழகுக்கு ஒரு கல்யாணமா என்று எத்தனையோ தடவை அவர் முகத்துக்கு எதிரிலேயே கேட்டிருக்கிறேன். அதற்கும் பதில் வராது.

விஷயம் என்னவென்றால், கையில் காகிதம் இல்லாவிட்டால் அந்த மனிதருக்குப் பேச்சு வராது. எங்கள் மகள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை, "நல்ல குரல் இருக்கே, நீங்களே நன்றி சொல்லுங்க சார்" என்று மேடையேற்றிவிட்டார்கள். இரண்டு நிமிஷம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் பையைத் துழாவி எங்கள் வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். அதற்கப்புறம்தான் "அனைவருக்கும் நன்றி" என்ற இரண்டு வார்த்தை வெளியே வந்தது. மகள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன், பாவம்!

காகிதம் கையில் இருந்தால் ஆள் வேறு. எழுத்துக்கு எழுத்து படிப்பார். ஒன்றைக் கூட்ட மாட்டார், ஒன்றைக் குறைக்க மாட்டார். ஒரு தடவை அறிவிப்புக்குக் கீழே "நகல்: கோப்புக்காக" என்று இருந்ததையும் நாலு தெருவுக்குப் படித்துவிட்டு வந்தார். ஏங்க இப்படி என்று கேட்டால், "பேப்பர்ல இருக்கறதப் படிப்பேன். இல்லாததப் படிக்க மாட்டேன்" என்றார். அவர் வீட்டில் பேசிய நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

இனி என்னைப் பற்றி. ஐந்தாம் வார்டில் தெருக்கூட்டும் ஆறு பெண்களில் நான் ஒருத்தி. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். காலை ஆறரைக்குத் தள்ளுவண்டியும் நீளக் கைப்பிடி விளக்குமாறுமாக இறங்கினால், பதினோரு தெருவையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்வோம். எனக்கு வார்டில் 'பட்டாசு' என்று பெயர். காரணம் ஒன்றுமில்லை, இரண்டாம் மாடியிலிருந்து ஒருத்தர் தினமும் குப்பைப் பையைக் கீழே வீசுவார். நாலு நாள் சொன்னேன். ஐந்தாம் நாள் அந்தப் பையை எடுத்துக்கொண்டு மாடியேறி, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அவர் பை தானாகப் படியிறங்கி வருகிறது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் தலையில் கல்லைப் போட்டது ஓர் அறிவிப்பு. போட்டவர் யார்? என் வீட்டுக்காரர்தான். நான் மூன்றாம் தெருவில் கூட்டிக்கொண்டிருக்கிறேன். வேன் என்னைக் கடந்து போகிறது. "நிதி நெருக்கடி காரணமாக, நகரின் ஐந்து வார்டுகளுக்கும் தெருத் தூய்மைப் போட்டி நடத்தப்படும். மதிப்பெண் குறைந்த இரண்டு வார்டுகளின் துப்புரவுக் குழுக்கள் கலைக்கப்படும். முதலிடம் பெறும் வார்டின் குழு நிரந்தரமாக்கப்படும். அறிவிப்பு முடிந்தது." குரலில் ஒரு நடுக்கம், ஒரு இழுப்பு? ஊகூம். தண்ணீர் வராது என்று சொல்கிற அதே கணீர்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, உங்க பொண்டாட்டி வேலை போகப்போகுதுன்னு ஊருக்கே அவ்வளவு சந்தோஷமா படிக்கிறீங்களே, நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"பேப்பர்ல இருந்துச்சு" என்றார்.

அன்று அவருக்கு நான் சாப்பாடு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார்.

ஆனால் ஒன்று, நிரந்தரம் என்ற அந்த ஒரு வார்த்தை எங்களைப் பிடித்து ஆட்டிவிட்டது. ஒரு மாதம் நாங்கள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும்! எங்கள் எல்லோருக்கும் பட்டப்பெயர்தான்: மூத்தவள் பெரியக்கா, எதற்கும் சிரிக்கிற சிரிப்பு, மூக்குக்கண்ணாடி போட்ட கண்ணாடி, ஆள் நெட்டையான கம்பம், போன வருஷம்தான் சேர்ந்த சின்னவள், அப்புறம் நான். ஆறு பேரும் சாக்கடை மூடியைக்கூடத் தேய்த்துக் கழுவினோம். மின்கம்பத்தில் பத்து வருஷமாக ஒட்டியிருந்த சுவரொட்டிகளைச் சுரண்டி எடுத்தோம். "ஏண்டி, இப்படியே போனா தெருவுல இலை போட்டுச் சாப்பிடலாம் போலிருக்கே" என்று பெரியக்கா சொன்னாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மார்க் போட மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி. வெள்ளிக்கிழமையே தெரு பளபளவென்று தயார்.

இந்த இடத்தில் நகராட்சி அலுவலகத்தின் சிக்கனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிதி நெருக்கடி வந்ததிலிருந்து அங்கே புதுக் காகிதம் கிடையாது. பழைய அறிவிப்புத் தாள்களைப் பாதியாக வெட்டி, அவற்றின் பின்பக்கத்தில் புது அறிவிப்பை அச்சடிப்பார்கள். எது பழசு, எது புதுசு என்று குழம்பாமல் இருக்க, பழைய பக்கத்தின் குறுக்கே சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய கோடு. அந்தக் கோடு இல்லாத பக்கத்தை என் வீட்டுக்காரர் படிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை ஐந்து வார்டுக்கும் ஐந்து காகிதம் தயாரானது. அலுவலக எழுத்தர் நாலு காகிதத்தில் கோடு போட்டதும் சிவப்புப் பேனா தீர்ந்துபோனது. வேறு பேனா இல்லை, பேனாவுக்கும் நெருக்கடி. ஐந்தாவது காகிதத்தில் கோடு போடாமலே கொடுத்துவிட்டார். அந்த ஐந்தாவது காகிதம் எங்கள் வார்டுடையது. நம் ஆள் என்ன செய்வார்? எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதைப் படித்தார். மதியம் பதினோரு தெருவிலும், தெருவுக்கு இரண்டு தடவை, கணீரென்று.

நான் அன்று மதியம் ஊரின் அடுத்த கோடியில் என் தங்கச்சி வீட்டில் இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தேன். என்ன அறிவிப்பு படித்தார் என்று அவராகச் சொல்லவா போகிறார்? உப்பு டப்பாவைப் பார்த்தார், சாப்பிட்டார், படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு முதல் தெரு முனையில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். தெருவைக் காணோம்! இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டில், மெத்தை, கதவில்லாத அலமாரி, வயிறு பெருத்த பழைய டிவி, துருப்பிடித்த சைக்கிள், கால் உடைந்த நாற்காலி, தையல் மெஷின், மூன்று சக்கரக் குழந்தை வண்டி. ஒரு வீட்டு வாசலில் ஒரு முழு சோபா செட்டே உட்கார்ந்திருக்கிறது. ஜனங்கள் இன்னும் இழுத்துக்கொண்டு வருகிறார்கள், அதுவும் என்ன உற்சாகமாக! கல்யாண வீடு மாதிரி ஒரே சத்தம்.

"என்னம்மா பட்டாசு, லாரி எத்தனை மணிக்கு?" என்று மாடி வீட்டு டீச்சர் கேட்டார். கையில் ஒரு டேபிள் ஃபேன்.

"எந்த லாரி டீச்சர்?"

"உன் வீட்டுக்காரர்தானே சொன்னாரு! பழைய சாமான எல்லாம் ஞாயித்துக்கிழமை காலைல வாசல்ல வைங்க, நகராட்சி லாரி வந்து இலவசமா எடுத்துக்கும்னு. எங்க வீட்ல இருபது வருஷக் குப்பைம்மா. புண்ணியமா போச்சு."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அந்த மனுஷன் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து என்ன படிச்சீங்க?"

சட்டைப் பையைக் காட்டினார். காகிதத்தை உருவினேன். அவர் சோப்பு நுரையோடு பக்கத்தில் வந்து, வரி வரியாக விரல் வைத்துக் காட்டினார், எழுத்துக்கு எழுத்து சரியாகப் படித்தாராம். நான் காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: "திங்கட்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகை தருவதால், ஐந்தாம் வார்டு மக்கள் எந்தப் பொருளையும் தெருவில் வைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." நேற்று அவர் படித்தது நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை லாரி வந்தபோது போட்ட அறிவிப்பு. காகிதத்தைப் பாதியாக வெட்டியதில் தேதி மேல் பாதியோடு போய்விட்டது.

அவர் முகத்தைப் பார்த்தேன். நுரைக்குக் கீழே ரத்தம் சுண்டிப்போயிருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. ஒரு மாதம் சாக்கடை மூடியைத் தேய்த்தோமே, ஆறு குடும்பமாயிற்றே! அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேனை எடுக்கச் சொல்றேன்" என்றார்.

நான் அதற்குள் எங்கள் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர் அவர்தான்.

"லாரியா? ஞாயித்துக்கிழமையா?" என்றார். "வார நாள்லயே டீசலுக்குக் கையேந்திட்டு நிக்கிறோம். எல்லாத்தையும் திரும்ப உள்ள எடுத்து வைக்கச் சொல்லும்மா."

உள்ளேயா? டீச்சரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அந்தக் கட்டில் திரும்ப உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்றார். தெருவே அவர் பக்கம்.

வேன் வந்துவிட்டது. ஓட்டுபவரை எல்லோரும் ஹாரன் என்பார்கள். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். "அக்கா, ஆர்டர் இல்லாம வேனை எடுத்தது தெரிஞ்சா எனக்கும் சீட்டுக் கிழிஞ்சிடும், மைக்கண்ணனுக்கும் கிழிஞ்சிடும்" என்றார். சொல்லிக்கொண்டே எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தார், நல்ல மனிதர்.

என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார். உப்பு டப்பாவைப் பார்க்கிற அதே பார்வை!

"பேப்பர்" என்றார் பரிதாபமாக.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஹாரனின் பையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன். வேனுக்குள் கிடந்த காலண்டர்த் தாளைக் கிழித்து, அதன்மேல் கைக்கு வந்ததை எழுதி அவர் கையில் திணித்தேன். அவர் அதை முகத்துக்கு நேரே பிடித்தார். அவ்வளவுதான், குரல் வந்துவிட்டது. பதினோரு தெருவும் கேட்டது:

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. நேற்று நான் படித்தது நாலு வருஷத்துப் பழைய அறிவிப்பு. லாரி வராது. காகிதத்தைத் திருப்பிப் பார்க்கத் துப்பில்லாத மடையன் நான். நாளைக் காலை பத்து மணிக்கு மார்க் போட ஆள் வருகிறார்கள். தெரு இப்படியே கிடந்தால் தெருக்கூட்டும் ஆறு பேருக்கும் வேலை காலி. உங்கள் சாமானில் யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோக, வண்டி வைத்திருக்கும் எல்லோரும் வெளியே வாருங்கள். ஐயோ, வேகமாகப் படித்துத் தொலையுங்கள். அறிவிப்பு முடிந்தது."

"வேகமாகப் படித்துத் தொலையுங்கள்" என்பது நான் அவருக்காக ஓரத்தில் எழுதியது. அதையும் விடவில்லை. மடையனையும் விடவில்லை, நிறுத்தி அழுத்திப் படித்தார்.

எங்கோ ஒருத்தர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். டீச்சர் ஃபேனைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, யாருக்குப்பா ஃபேன் வேணும்? ரெக்கை சுத்தும், தலை மட்டும் ஆடாது" என்று கூவினார்.

எதிர் வீட்டு மெக்கானிக், "எனக்குக் குடுங்க டீச்சர், தலையை நான் ஆட்ட வைக்கிறேன்" என்று கை தூக்கினார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

என்ன சொல்வேன் அந்த நாளை! டீச்சரின் கட்டில் ஏழாம் தெருவுக்குப் போனது. ஏழாம் தெரு தையல் மெஷின் நாலாம் தெருவுக்கு வந்தது. எங்கள் வார்டுத் தச்சர் ஒருத்தர் உளியும் சுத்தியலுமாக நடுத்தெருவில் உட்கார்ந்து, கால் உடைந்த நாற்காலிகளுக்கெல்லாம் கால் வைத்துக்கொண்டே இருந்தார். கால் வைக்க வைக்க நாற்காலி காணாமல் போனது. பழைய இரும்புக்காரர் தன் அண்ணன், மச்சான் எல்லோரையும் வண்டியோடு கூட்டிவந்தார். மாடியிலிருந்து பை வீசினாரே, அந்த மனிதர் தன் காரின் கூரையில் இரண்டு மெத்தையைக் கட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனார். திரும்பி வந்து இன்னும் இரண்டு கட்டிக்கொண்டார். "இப்ப நம்ம கணக்கு நேராச்சா?" என்று போகிற போக்கில் என்னைக் கேட்டார். "ஆச்சு, ஆச்சு, சீக்கிரம் போங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. யார் வேனுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டை நீட்டினாலும் படித்தார். "மூன்றாம் தெருவில் நல்ல அலமாரி. கதவு இல்லை. கதவு மட்டும் வைத்திருப்பவர் வரவும்." நம்பினால் நம்புங்கள், ஒன்பதாம் தெருவிலிருந்து ஒருத்தர் ஒரு கதவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பொருந்தவில்லை. இருந்தாலும் ஊரே கைதட்டியது.

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெரு தெரிந்தது. அப்புறம் ஆறு விளக்குமாறு போதாமல் வீட்டுக்கு ஒரு விளக்குமாறு இறங்கியது. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். இருபது வருஷமாக வீட்டுக்குள் அடைந்து கிடந்ததே போய்விட்டது, வாசலைக் கழுவ என்ன கஷ்டம்? சின்னவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இருந்தும் நானும் குதித்தேன்.

ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது, அந்த சோபா. எட்டுப் பேர் தூக்கியும் எந்த வண்டியிலும் ஏறவில்லை. கடைசியில் தள்ளித் தள்ளிப் பேருந்து நிறுத்தத்துக் கூரைக்கடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, விதிவிட்ட வழி என்று கும்பிடாத குறையாகத் திரும்பினோம்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். தலைவி அம்மாள் கையில் அட்டை, பேனா, முகத்தில் சிரிப்பென்பதே இல்லை. சாக்கடை மூடியைப் பார்த்தார். மின்கம்பத்தைத் தடவிப் பார்த்தார். வெயிலில் பதினோரு தெருவும் நடந்து களைத்து, நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய், அந்த சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பயணிகளுக்கு உட்கார வசதி பண்ணியிருக்கீங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்று பெரியக்கா கண் இமைக்காமல் சொன்னாள்.

"நல்லா இருக்கு" என்று சொல்லி எதையோ எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறக்கவே இல்லை. என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

வெள்ளிக்கிழமைதான் முடிவு. முடிவு எழுதிய காகிதம் காலையிலேயே என் வீட்டுக்காரர் கைக்கு வந்துவிடும். வழியில் நிறுத்தி எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா? மாட்டார். வேனில் ஏறுமுன் எந்த அறிவிப்பையும் படிக்க மாட்டார், அது அவர் கொள்கை. நாங்கள் ஆறு பேரும் முதல் தெருவில் கூட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு நின்றோம். கூட்ட அங்கே என்ன இருந்தது?

வேன் வந்தது. ஹாரன் வேண்டுமென்றே எங்களுக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார்.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. தெருத் தூய்மைப் போட்டியில் முதலிடம், ஐந்தாம் வார்டு."

அடுத்த வரி எனக்குக் கேட்கவில்லை. பெரியக்கா போட்ட கூச்சல் அப்படி. சிரிப்பு அழுதுகொண்டிருந்தாள். கண்ணாடி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். கம்பம் சின்னவளைத் தரையிலிருந்து தூக்கிவிட்டாள். நிரந்தரம்! ஒன்பது வருஷம் கழித்து நிரந்தரம்! மாடியிலிருந்தெல்லாம் கைதட்டுகிறார்கள். டீச்சர் அன்று தச்சர் கால் வைத்துக் கொடுத்த பழைய நாற்காலிமேல் ஏறி நின்று விசில் அடிக்கிறார்.

மைக் போய்க்கொண்டே இருந்தது. "நிதி நெருக்கடியிலும் நகராட்சி மேற்கொண்ட முன்னோடித் திட்டமான பழைய பொருள் பரிமாற்ற நாள் இவ்வெற்றிக்குக் காரணமாகும்." முன்னோடித் திட்டமாமே! யார் போட்ட திட்டம் என்று எனக்குத் தெரியாதா? "இச்சாதனைக்கு வழிகாட்டிய நகராட்சித் தலைவர், ஆணையர், பொறியாளர், நிதிக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் பாராட்டுகள்."

நான் காத்திருந்தேன். எங்களைப் பற்றி ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும். ஒன்பது வருஷமாகச் சாதனை அறிவிப்பு கேட்கிறேன், துடைப்பம் பிடிக்கிறவள் பேச்சு எதில் வந்திருக்கிறது? வேலை நிலைத்ததே, போதும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அறிவிப்பு முடிந்தது" வரட்டும் என்று நின்றேன்.

அது வரவில்லை. வேன் நின்றுவிட்டது. மைக்கில் சரக்கென்று காகிதம் திருப்புகிற சத்தம். ஐயையோ, மறுபடியும் பின்பக்கமா! விளக்குமாற்றோடு வேனைப் பார்த்து ஓடினேன்.

"தெருக்களைக் கூட்டியவர்கள்" என்றது அந்தக் குரல். ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றேன். "ஒன்று, பெரியக்கா. இரண்டு, சிரிப்பு. மூன்று, கண்ணாடி. நான்கு, கம்பம். ஐந்து, சின்னவள்." நிறுத்தினார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கணீர்க் குரல் தழுதழுத்தது. "ஆறு, பட்டாசு. இவர் அறிவிப்பாளரின் மனைவி. இவரால் அறிவிப்பாளருக்கு மிகவும் பெருமை. அறிவிப்பு முடிந்தது."

மேஸ்திரி சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு வந்தார். "யோவ் மைக்கு, அதெல்லாம் எங்கய்யா எழுதியிருக்கு? ஆணையர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"பின்பக்கம் படிச்சிட்டேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "பழக்கதோஷம்."

நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் காகிதத்தைப் பிடுங்கினேன். திருப்பினேன். பின்பக்கத்தில் எங்கள் பேரே இல்லை, ஒரு பழைய அறிவிப்புதான்: தெருநாய்களுக்குத் தடுப்பூசி முகாம், நாய்களைக் கயிற்றில் கட்டி அழைத்து வரவும். அதன் குறுக்கே, புதுப் பேனாவால், மூலைக்கு மூலை தடித்த சிவப்புக் கோடு போட்டிருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"பேப்பரைக் குடும்மா" என்றார். "ஆபீஸ்ல திருப்பிக் குடுக்கணும்."

"தர மாட்டேன், போங்க" என்று அதை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.